பல் கழற்றுமுன்: விறைப்பு ஊசியா, மயக்க மருந்தா?

மலையகத்தில் பல் வலியோடு வைத்தியசாலைக்குப் போகிறவர்களில் பலர், வலி தொடங்கிய கிழமையில் போவதில்லை. ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய பேர், அதாவது அந்த நாள் சம்பளம், போய்விடும் என்பதாலும், தோட்டத்திலிருந்து நகரத்துப் பல் கிளினிக்குக்குப் போய்த் திரும்புவதற்கே ஒரு பகல் வேண்டும் என்பதாலும், கிராம்பையும் பெனடோலையும் வைத்து நாட்களைத் தள்ளுகிறார்கள். கன்னம் வீங்கி, வாயைத் திறக்கவும் சிரமமான பிறகுதான் பஸ் ஏறுகிறார்கள். அந்த நிலையில் போடப்படும் விறைப்பு ஊசி சரியாகப் பிடிக்காமல் போனால், "எனக்கு ஊசி பிடிக்காது, மயக்கிப் போட்டுத்தான் கழற்ற வேண்டும்" என்ற முடிவோடு வீடு திரும்புகிறார்கள். பெரும்பாலும் அந்த முடிவு தவறு. ஊசி பிடிக்காததற்கு உடம்பின் குணத்தைவிட, அவர்கள் போன நாளே பெரிய காரணமாக இருந்திருக்கும்.

பல் கழற்றும்போது வலி தெரியாமலிருக்க மூன்று வழிகள் உண்டு. பல்லைச் சுற்றியுள்ள இடத்தை மட்டும் உணர்வற்றதாக்கும் விறைப்பு ஊசி முதலாவது. அந்த ஊசியோடு சேர்த்து, விழித்திருக்கும்போதே அச்சத்தைத் தணிக்கும் அரைமயக்கம் இரண்டாவது. ஒன்றும் தெரியாமல் உறங்கச் செய்யும் முழு மயக்கம் மூன்றாவது. இவற்றில் எது பொருந்தும் என்பது, கழற்ற வேண்டிய பல், உடம்பில் ஏற்கெனவே உள்ள வருத்தங்கள், அச்சத்தின் அளவு, வீடு திரும்பும் வழி ஆகியவற்றை வைத்து வைத்தியரும் நோயாளியும் பேசித் தீர்மானிக்க வேண்டிய விடயம். அந்தப் பேச்சுக்கு ஒருவர் ஆயத்தமாகப் போக வேண்டும் என்பதற்காகவே இது எழுதப்படுகிறது.

விறைப்பு ஊசி எப்படி வேலை செய்கிறது

அரச வைத்தியசாலைகளின் பல் கிளினிக்குகளில் வழமையாகக் கிடைப்பது விறைப்பு ஊசியே. அதிலுள்ள மருந்து பெரும்பாலும் லிக்னோகெயின். லிடோகெயின் என்றும் சொல்வார்கள். 1943ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு வேதியியலாளர் நில்ஸ் லோஃப்கிரென் உருவாக்கிய இந்த மருந்து, எண்பது ஆண்டுகள் கடந்தும் பல் வைத்தியத்தில் தன் இடத்தை இழக்கவில்லை. வலி என்ற செய்தி நரம்பு வழியே ஓட வேண்டுமானால், சோடியம் அயன்கள் நரம்பிழைக்குள் நுழைய வேண்டும். லிக்னோகெயின் அந்த நுழைவாயிலைச் சிறிது நேரம் அடைத்து வைக்கிறது. இரண்டு சதவீத லிக்னோகெயினுடன் 80,000இல் ஒரு பங்கு அட்ரினலின் கலந்த மருந்து பரவலாகப் பயன்படுகிறது. அட்ரினலின் அந்த இடத்து இரத்தக் குழாய்களைச் சுருங்கச் செய்வதால், மருந்து இரத்தத்தோடு விரைவில் போய்விடாமல் தங்கி நிற்கும். இரத்தம் கசிவதும் குறையும்.

மேல் பல்லுக்கும் கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கும் ஊசி போடும் முறை வேறு. மேல் தாடை எலும்பு மென்மையாகவும் நுண்துளைகள் நிறைந்ததாகவும் இருப்பதால், பல்லின் வேருக்கு அருகே ஈறில் போட்ட மருந்து எலும்பினூடாகக் கசிந்து சென்று சில நிமிடங்களில் விறைக்க வைத்துவிடும். ஆனால் மேல் பல்லைக் கழற்றுவதற்கு அண்ணத்தின் பக்கமும் ஒரு ஊசி வேண்டும். அங்கே சதை எலும்போடு இறுக ஒட்டியிருப்பதால் மருந்து பரவ இடமின்றி, அந்த ஒரு ஊசி மற்றவற்றைவிடக் கூடுதலாக நோகும். இதை முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது, ஏனென்றால் அது நொந்ததும் "ஊசியே இப்படியென்றால் பல் எப்படியிருக்கும்" என்று கதிரையை விட்டு எழும்புகிறவர்கள் இருக்கிறார்கள். உண்மையில் அத்தோடு வலி முடிந்துவிடுகிறது.

கீழ்த் தாடை எலும்பு தடித்தது; அதன் கடைவாய்ப் பக்கத்தில் மருந்து அப்படி ஊறாது. ஆகவே வாயின் பின்புறத்தில், நரம்பு எலும்புக்குள் நுழையும் வாசலுக்கு அருகிலேயே மருந்தைப் போட்டு, அந்தப் பக்கத்து நரம்பு முழுவதையும் விறைக்க வைக்கிறார்கள். இதற்கு ஐந்து முதல் பத்து நிமிடங்கள் வரை ஆகலாம். கீழ் உதட்டின் பாதி, நாடிவரை, தடித்துப் போனது போலத் தோன்றுவதே ஊசி பிடித்ததற்கான அடையாளம். நாக்கின் அந்தப் பக்கமும் கூசும். உதடு விறைக்காமல் வைத்தியர் தொடங்க முற்பட்டால், கையை உயர்த்திச் சொல்வதில் வெட்கப்பட எதுவுமில்லை. நரம்பு இருக்கும் இடம் ஆளுக்கு ஆள் சற்று மாறுபடுவதால், அனுபவமுள்ள வைத்தியருக்கும் முதல் ஊசி தவறுவதுண்டு. இரண்டாவது ஊசி போடுவார்.

விறைப்பு ஊசி எடுத்துவிடுவது வலியை மட்டுமே. அழுத்தமும், பல் அசைவதும், எலும்பில் எழும் நறநறப்பும் தெரிந்துகொண்டுதான் இருக்கும். பல்லை வேரோடு தளர்த்துவதற்கு வைத்தியர் நன்றாக அழுத்த வேண்டியிருப்பதால், இதை அறியாதவர்களுக்கு அந்த அழுத்தமே வலியாகத் தோன்றும். அழுத்தமா, கூர்மையான வலியா என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தால் வைத்தியரின் வேலை பாதி இலகுவாகும். மலையகத்துக் கிளினிக்குகளில் தமிழ் அறியாத வைத்தியர்களும் தாதியரும் பலர் கடமையாற்றுவதால், சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துச் செல்வது நல்லது. முடியாவிட்டால் "ரிதெனவா" என்ற ஒரு சொல்லையாவது, நோகிறது என்பதற்கு, நினைவில் வைத்திருக்கலாம். வாய் நிறையக் கருவிகள் இருக்கும்போது எந்த மொழியும் வராது என்பதால், நோகும்போது இடது கையைத் தூக்குவேன் என்று முதலிலேயே பேசிக்கொள்வதே எல்லாவற்றிலும் பயனுள்ளது.

ஊசி ஏன் சிலருக்குப் பிடிப்பதில்லை

பல்லின் அடியில் சீழ் கட்டியிருக்கும்போது அந்த இடத்துத் திசு அமிலத் தன்மை அடைகிறது. லிக்னோகெயின் நரம்பிழைக்குள் ஊடுருவுவதற்கு மின்னேற்றம் இல்லாத வடிவில் இருக்க வேண்டும். அமிலம் மிகுந்த இடத்தில் மருந்தின் பெரும்பகுதி மின்னேற்றம் பெற்று வெளியிலேயே நின்றுவிடும். வீங்கிய கன்னத்தோடு போகிறவருக்கு ஊசி பிடிக்காமல் போவதன் முக்கிய காரணம் இதுதான். அப்படிப்பட்ட வேளையில் வைத்தியர் வீக்கத்துக்கு அப்பால், நரம்பு ஆரோக்கியமாக இருக்கும் இடத்தில் ஊசி போடலாம், சீழை வெளியேற்றலாம், அல்லது குளிசை கொடுத்து சில நாட்கள் கழித்து வரச் சொல்லலாம். வரச் சொன்ன நாளில் வலி இல்லை என்பதற்காகப் போகாமல் இருப்பதுதான் இங்கு நடக்கும் பெரிய பிழை. வேர் அப்படியே இருக்க, சீழ் மறுபடியும் வரும். அடுத்த முறையும் ஊசி பிடிக்காது. வலி நின்ற அந்த நாட்களே ஊசி நன்றாகப் பிடிக்கும் நாட்கள்.

இரண்டாவது காரணம் நம்மவர்களிடம் அதிகமாகக் காணப்படுவது. பல ஆண்டுகள் பாக்கும் புகையிலையும் சேர்த்து வெற்றிலை போட்டவர்களுக்குக் கன்னத்தின் உட்புறம் வெளிறி, நார் போல இறுகி, வாய் திறப்பு மெல்ல மெல்லக் குறைந்துவிடும். மூன்று விரல்களை ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்தி வாய்க்குள் வைக்க முடியாதவருக்கு, கீழ்த் தாடையின் பின்புறத்து நரம்பை ஊசியால் எட்டுவதே கடினம். முழு மயக்கம் கொடுப்பதானாலும் மூச்சுக் குழாயைச் செலுத்துவது சிக்கலாகும். எனவே வெற்றிலை போடும் பழக்கத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். கூடவே, வாய்க்குள் இரண்டு மூன்று கிழமைகளுக்கு மேல் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருந்தால் அதையும் காட்ட வேண்டும். பல்லைக் கழற்றப் போன இடத்தில், வாய்ப் புற்றுநோய் ஆரம்ப நிலையிலேயே பிடிபட்டால் அது பெரிய அதிர்ஷ்டம்.

அச்சத்துக்கும் பங்குண்டு. பயந்து நடுங்குபவருக்கு வலி கூடுதலாகத் தெரியும் என்பது வெறும் பேச்சல்ல. ஆனால் அதற்குச் சாராயம் மருந்தாகாது. ஒரு மிடறு குடித்துவிட்டு வருபவருக்கு ஊசி கூடுதலாகப் பிடிக்கப் போவதில்லை. இரத்தப் பெருக்கும் வாந்தியும் கூடும், அரைமயக்க மருந்தோ முழு மயக்க மருந்தோ கொடுக்க வேண்டி வந்தால் ஆபத்தும் கூடும்.

கிளினிக் கொப்பியும் சொல்ல வேண்டியவையும்

பிரஷர், சீனி, இருதயம், வலிப்பு, ஆஸ்துமா என எதற்கு மருந்தெடுத்தாலும் கிளினிக் கொப்பியையும் குடிக்கும் குளிசைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். மருந்தின் பெயர் நினைவில்லை என்பது குற்றமல்ல. "வெள்ளைக் குளிசை" என்று சொன்னால் மட்டும் யாருக்கும் விளங்காது.

பிரஷர் குளிசையை அன்று காலையில் வழமைபோலக் குடிக்க வேண்டும். அழுத்தம் 180/110 அளவுக்கு மேல் இருந்தால் பல் கழற்றுவதைத் தள்ளிவைப்பது வழக்கம். மலையேறி ஓடி வந்த உடனே அளந்தால் கூடுதலாகக் காட்டும் என்பதால், சற்று உட்கார்ந்து இளைப்பாறிய பின் அளக்கச் சொல்லுங்கள். இரத்தம் உறைவதைத் தடுக்க வார்பரின் குடிப்பவர்கள், இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையை அண்மையில் செய்து அதன் அறிக்கையைக் கொண்டு செல்ல வேண்டும். அது 4க்குக் குறைவாக இருந்தால் பொதுவாக மருந்தை நிறுத்தாமலே பல்லைக் கழற்றலாம். வார்பரினையோ அஸ்பிரினையோ சொந்த யோசனையில் நிறுத்துவது, பல் குழியிலிருந்து இரத்தம் வருவதைவிடப் பல மடங்கு ஆபத்தானது. செயற்கை இருதய வால்வு உள்ளவர்களும், சிறு வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்து இருதயம் பாதிக்கப்பட்டவர்களும் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சிலருக்குப் பல் கழற்றுவதற்கு ஒரு மணித்தியாலத்துக்கு முன் கிருமிக்கொல்லி மருந்து தேவைப்படும். எலும்புத் தேய்வுக்குக் கிழமைக்கொரு குளிசை குடிக்கும் வயதான பெண்களும் அதைச் சொல்ல மறக்கக் கூடாது, ஏனென்றால் தாடை எலும்பு ஆறுவதை அந்த மருந்து பாதிக்கலாம்.

கர்ப்பிணிகளுக்கு விறைப்பு ஊசி போடலாம். லிக்னோகெயின் கர்ப்ப காலத்திலும் பாதுகாப்பானதாகவே கருதப்படுகிறது. நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரையுள்ள காலம் மிக வசதியானது. சீழோடு பிரசவம் வரை காத்திருப்பதுதான் தாய்க்கும் பிள்ளைக்கும் கெடுதல்.

"எனக்கு ஊசி ஒத்துக்கொள்ளாது" என்பவர்களிடம் என்ன நடந்தது என்று கேட்டால், நெஞ்சு படபடத்தது, கை நடுங்கியது, கண் இருண்டது என்பார்கள். படபடப்பு பெரும்பாலும் அட்ரினலின் இரத்தத்தில் கலந்ததால் வந்து சில நிமிடங்களில் அடங்குவது. கண் இருண்டது வெறும் வயிற்றோடும் பயத்தோடும் இருந்ததால் வந்த மயக்கம். லிக்னோகெயினுக்கு உண்மையான ஒவ்வாமை மிக அரிது. உடம்பெல்லாம் தடித்து, முகம் வீங்கி, மூச்சு முட்டியிருந்தால் அது வேறு விடயம். அப்போது ஊசி போடுவதற்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும்.

ஒரே நாளில் எல்லாப் பற்களையும் கழற்றிவிடச் சொல்லி நிற்பவர்களுக்கும் ஒரு சொல். அட்ரினலினுடன் சேர்ந்த லிக்னோகெயினுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 7 மில்லிகிராம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மேலெல்லை. பல வைத்தியர்கள் அதைவிடக் குறைவாகவே நிறுத்திக்கொள்வார்கள். நாற்பது கிலோ எடையுள்ள கொழுந்து பறிக்கும் ஒரு தாய்க்கு அந்த எல்லை சீக்கிரம் வந்துவிடும். கீழ்த் தாடையின் இரு பக்கத்தையும் ஒரே நேரத்தில் விறைக்க வைத்தால் நாக்கு முழுவதும் உணர்விழந்து, விழுங்குவதும் பேசுவதும் சிரமமாகிவிடும் என்பதாலும், பாதியை இன்றும் மீதியை வேறொரு நாளும் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். இரண்டாம் முறை பஸ் ஏறுவது கஷ்டம்தான். அந்தக் கஷ்டத்துக்கு நியாயம் இருக்கிறது.

அரைமயக்கம்

பல் வைத்தியத்துக்கும் மயக்க மருந்துக்கும் உள்ள உறவு பழையது. 1844 டிசம்பரில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரத்துப் பல் வைத்தியர் ஹொரஸ் வெல்ஸ், சிரிப்பு வாயு எனப்படும் நைட்ரஸ் ஒக்சைட்டைத் தானே சுவாசித்துக்கொண்டு, சக பல் வைத்தியரைக் கொண்டு தமது கடைவாய்ப் பல்லைக் கழற்றிப் பார்த்தார். இன்று அதே வாயுவை ஒக்சிஜனுடன் கலந்து மூக்கு மூடி வழியாகக் கொடுக்கிறார்கள். நிறுத்திய சில நிமிடங்களில் அதன் விளைவு நீங்கிவிடும். மற்றொரு வழி, மிடாசோலம் போன்ற மருந்தைக் குடிக்கக் கொடுப்பது அல்லது நாளத்தில் ஏற்றுவது. நோயாளி விழித்திருப்பார், சொல்வதைக் கேட்பார். பின்னர் அதில் பெரும்பகுதி நினைவிருக்காது. எந்த வழியானாலும் விறைப்பு ஊசி இதோடு சேர்த்துப் போடப்படும். இந்த வசதி எல்லாக் கிளினிக்கிலும் இருப்பதில்லை. வேண்டுமானால் முதலிலேயே கேட்டு, திகதி எடுக்க வேண்டும். மிடாசோலம் எடுத்தவர் வளர்ந்த ஒருவர் துணையின்றி வீடு திரும்பக் கூடாது.

முழு மயக்கம் யாருக்கு

எலும்புக்குள் புதைந்து கிடக்கும் ஞானப் பற்கள் பலவற்றை ஒரே தடவையில் எடுக்க வேண்டியவர்கள், பல சொத்தைப் பற்களோடு ஒத்துழைக்க முடியாத சிறு பிள்ளைகள், விசேட தேவையுடையவர்கள், கழுத்துவரை சீழ் பரவியவர்கள், வாய் திறக்க முடியாதவர்கள் ஆகியோருக்கு முழு மயக்கம் நியாயமான வழி. பயம் என்ற ஒரே காரணத்துக்காக அதை நாடுவதை நான் ஊக்குவிக்க மாட்டேன்; ஒரு பல்லுக்காகப் பெரிய சத்திரசிகிச்சைக்குரிய ஏற்பாடுகள் எல்லாவற்றுக்கும் உடம்பை உட்படுத்துவது அது. கண்டி, பதுளை, நுவரெலியா போன்ற இடங்களிலுள்ள பெரிய வைத்தியசாலைகளுக்கோ, பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்கோ கடிதம் கொடுத்து அனுப்புவார்கள். காத்திருக்க வேண்டியும் வரலாம்.

மயக்கத்தைக் கொடுப்பவரும், கண் விழிக்கும்வரை மூச்சையும் இருதயத் துடிப்பையும் கவனிப்பவரும் மயக்க மருந்து வைத்தியர். அவரிடம் சொல்ல வேண்டியவை தனி: முன்னர் மயக்கம் கொடுத்தபோது ஏதும் சிக்கல் வந்ததா, குடும்பத்தில் யாராவது மயக்கத்திலிருந்து எழும்பத் தாமதித்தார்களா அல்லது கடும் காய்ச்சல் கண்டார்களா, ஆடும் பல்லோ பொய்ப்பல்லோ உண்டா, அண்மையில் இருமல் சளி இருந்ததா. மழைக் காலத்தில் நம் பிள்ளைகளுக்கு மூக்கு ஒழுகாத கிழமை குறைவு. ஆனாலும் நெஞ்சில் சளியோடு மயக்கம் கொடுப்பது ஆபத்து என்பதால், திகதி போய்விடுமே என்று இருமலை மறைக்கக் கூடாது. பல் வேலைக்கு வாய் வேண்டியிருப்பதால் மூச்சுக் குழாயைப் பெரும்பாலும் மூக்கு வழியாகச் செலுத்துவார்கள். விழித்த பின் தொண்டை நோவும் மூக்கில் சிறிது இரத்தமும் குமட்டலும் இருக்கலாம்.

கையொப்பமிடத் தரும் சம்மதப் படிவம் புரியாத மொழியில் இருந்தால் விளக்கம் கேளுங்கள். இலங்கை அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தத்துக்குப் பின் தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. தமிழில் கேட்பது சலுகை கேட்பதாகாது. கீழ் ஞானப் பல்லுக்கு அருகே உதட்டுக்கும் நாக்குக்கும் போகும் நரம்புகள் ஓடுவதால், சிலருக்கு விறைப்பு நீண்ட நாள் நீடிக்கலாம் என்பதைக் கையொப்பமிடுமுன் கேட்டுத் தெரிந்துகொள்வது மிக அவசியம்.

சாப்பிட வேண்டிய நாளும் சாப்பிடக் கூடாத நாளும்

இந்த இடத்தில்தான் பலர் குழம்புகிறார்கள். விறைப்பு ஊசி மட்டும் என்றால் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் வெறும் தேத்தண்ணீரோடு வந்து, வரிசையில் மூன்று மணித்தியாலம் நின்று, கதிரையில் மயங்கி விழுகிறவர்கள் அநேகர். சீனி வருத்தத்துக்கு ஊசி போட்டுக்கொண்டோ குளிசை குடித்துவிட்டோ சாப்பிடாமல் வருபவர்களுக்கு இது இன்னும் ஆபத்து. முழு மயக்கம் என்றால் இதற்கு நேர்மாறு: மயக்கம் கொடுப்பதற்கு ஆறு மணித்தியாலம் முன்பிருந்து சோறு, ரொட்டி, பால், பால்தேநீர் எதுவும் கூடாது, வெறும் தண்ணீர் மட்டும் இரண்டு மணித்தியாலம் முன்வரை குடிக்கலாம். வயிற்றில் இருப்பது மயக்கத்தில் மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. பிள்ளை அழுகிறதே என்று பாட்டிமார் இரகசியமாக ஒரு பிஸ்கட் கொடுத்திருந்தால், கூச்சப்படாமல் சொல்லிவிட வேண்டும். திகதி தள்ளிப்போகும், அவ்வளவுதான். நாளத்தில் ஏற்றும் அரைமயக்கத்துக்கு வைத்தியர் சொல்லும் நேரத்தைக் கடைப்பிடியுங்கள்.

திரும்பும் வழியையும் அன்றே யோசிக்க வேண்டும். முழு மயக்கமோ மிடாசோலமோ பெற்றவர் இருபத்து நான்கு மணித்தியாலத்துக்கு வாகனம் ஓட்டவோ, அடுப்படியில் தனியே நிற்கவோ, கைக்குழந்தையைத் தனியே பார்க்கவோ, மலைச்சரிவில் வேலைக்குப் போகவோ கூடாது. குமட்டலோடு இருப்பவரை வளைவு நிறைந்த பாதையில் நெரிசலான பஸ்ஸில் ஏற்றிச் செல்வது கொடுமை. பக்கத்து லயத்துக்காரரின் முச்சக்கர வண்டியை முன்பே பேசி வைப்பது நல்லது. தார் ரோட்டிலிருந்து லயத்துக்கு ஏற வேண்டிய படிகளையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

விறைப்பு தீரும்வரையும் அதன் பிறகும்

பல்லின் விறைப்பு ஒரு மணித்தியாலமளவில் குறையத் தொடங்கினாலும், உதடும் நாக்கும் மூன்று முதல் ஐந்து மணித்தியாலம் வரை விறைத்திருக்கும். அதுவரை சூடான எதையும் வாயில் வைக்காதீர்கள். ஊருக்குப் புத்தி சொல்லும் நானே, குளிருக்கு இதமாக ஒரு பிளேன்டீயை வாங்கிக் குடித்து, உதடு வெந்தது மறுநாள் காலையில்தான் தெரிந்தது. பிள்ளைகள் விறைத்த உதட்டை விளையாட்டாகக் கடித்துக் குதறிவிடுவார்கள். விறைப்புத் தீரும்வரை ஒருவர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும்.

விறைப்பு முழுவதும் தீருமுன்பே முதல் பெனடோலைக் குடித்துவிடுவது நல்லது. வளர்ந்தவர்களுக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, ஒரு நாளுக்கு எட்டுக்கு மேற்படாமல். ஐம்பது கிலோவுக்குக் குறைந்தவர்களும் ஈரல் நோயுள்ளவர்களும் தங்களுக்குரிய குறைந்த அளவைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வலிக்காக அஸ்பிரின் வேண்டாம். பஞ்சை அரை மணித்தியாலம் இறுகக் கடித்திருங்கள். அன்று முழுவதும் கொப்பளிக்கவோ காறித் துப்பவோ வேண்டாம். மறுநாளிலிருந்து இளஞ்சூட்டு உப்பு நீரால் மெதுவாகக் கொப்பளிக்கலாம். வெற்றிலையும் சுருட்டும் சில நாட்களுக்காவது விலகியிருக்கட்டும், ஏனென்றால் குழியில் உறைந்த இரத்தம் கழன்றுபோனால் மூன்றாம் நாளளவில் காதுவரை குத்தும் கடும் வலி வரும். அப்படி வந்தால் கிராம்பெண்ணெயைக் குழிக்குள் ஊற்றாமல் கழற்றிய இடத்துக்கே திரும்பிப் போக வேண்டும். அங்கே குழியைக் கழுவி மருந்து வைப்பார்கள்.

முடிந்தவரை காலையிலேயே பல்லைக் கழற்றிக்கொள்ளுங்கள். அட்ரினலினின் வேகம் தணிந்த பிறகு இரத்தம் மீண்டும் கசிவதுண்டு; அது பகலில் நடந்தால் கிளினிக்குக்குத் திரும்பலாம், இரவில் நடந்தால் மலைப்பாதையில் வாகனம் தேட வேண்டும். கசிந்தால் சுத்தமான துணியை நனைத்து மடித்துக் குழியின் மேல் வைத்து, தலையை உயர்த்தி உட்கார்ந்து, இருபது நிமிடம் விடாமல் கடித்திருங்கள். அப்படியும் நிற்காவிட்டாலோ, கழற்றுவதற்கு முன்போ பின்போ நாடிக்குக் கீழே வீக்கம் பரவி விழுங்கவும் மூச்செடுக்கவும் கஷ்டமானாலோ விடியும்வரை பார்த்திருக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். தோட்டத்தின் பெயரோடு டிவிஷனின் பெயரையும், வண்டி எதுவரை வர முடியும் என்பதையும் சொல்லி, டோர்ச்சோடு ஒருவரை அந்தச் சந்தியில் நிறுத்தி வையுங்கள்.